முள்ளும் ஒரு இலைதான்

கேள்வி: பாலைவனக் கள்ளிக்கு முள் எதற்கு? விலங்குகள் தின்னாமல் இருக்க மட்டும்தானா?

பதில்: அது பாதிக் காரணம்தான். கள்ளியின் முள், உருமாறிய இலை. அகன்ற இலையாக இருந்தால் நீர் ஆவியாகியே தீர்ந்துவிடும். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பரந்த சொனோரா பாலைவனத்தில் வளரும் சகுவாரோ கள்ளியின் உச்சியில் முட்கள் நெருக்கமாக இருக்கும். குருத்துக்குப் பகலில் அவையே நிழல், குளிர்கால இரவில் உறைபனிக்குத் தடுப்பு. ஒளிச்சேர்க்கை பச்சைத் தண்டின் வேலை. தண்டின் மேலுள்ள நுண்துளைகள் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமிக்கும், பகலில் மூடிக்கொள்ளும். வேர்கள் பெரும்பாலும் 10–15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே அகலப் பரவும். மழை பெய்ததும் தண்டின் மடிப்புகள் விரிந்து நீரை அடைத்துக்கொள்ளும். தொட்டிக் கள்ளிக்குத் தினமும் நீர் ஊற்றினால் முதலில் அழுகுவது இந்த வேர்தான். நம் வேலியோரச் சதுரக்கள்ளி, முள் இருந்தாலும், இந்தக் குடும்பமே அல்ல, ஆமணக்கின் உறவு.