ஊரை உறுத்தாத டவர்: யாரிடம் கேட்பது, யாரிடம் ஏமாறக் கூடாது?

கேள்வி: நான் குரோம்பேட்டையில் வசிக்கிறேன். உத்திரமேரூர் பக்கத்தில் உள்ள எங்கள் சொந்த ஊரில் வயதான பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். மொட்டை மாடிக்குப் போனால்தான் அவர்களால் செல்பேசியில் பேச முடிகிறது. எங்கள் தோப்பில் 5 சென்ட் இடத்தை டவர் வைக்க எடுத்துக்கொள்வதாகவும், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சான்றிதழுக்காக முதலில் 18,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் ஒருவர் சொல்கிறார். பழைய சிவன் கோயில் உள்ள ஊர் என்பதால், பெரிய இரும்பு டவர் வந்து ஊரின் தோற்றத்தைக் கெடுத்துவிடுமோ என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த 18,000 ரூபாயைக் கட்டாதீர்கள். டவர் வைப்பதற்குத் தடையில்லாச் சான்றிதழ் கொடுப்பதோ, அதற்காக வரியோ கட்டணமோ வாங்குவதோ தன் வேலை அல்ல என்று டிராய் பலமுறை பொது அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. ஆகவே, டிராய் முத்திரையுடன் உங்களுக்குக் காட்டப்படும் கடிதம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது போலியே. டவர் நிறுவனம் நில உரிமையாளருக்கு வாடகை கொடுக்குமே தவிர, அவரிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்காது. பதிவுக் கட்டணம், காப்பீடு, ஜிஎஸ்டி, ஒப்பந்தச் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விடை ஒன்றுதான். இந்த மோசடியில் முதல் தொகை சிறியதாகவே இருக்கும். அதைக் கட்டியபிறகு, பெரிய முன்பணம் உங்கள் பெயரில் தயாராக இருக்கிறது, அதை விடுவிக்க இன்னொரு தொகை வேண்டும் என்பார்கள். கட்டிய பணத்தை மீட்க வேண்டும் என்ற ஆசையிலேயே மேலும் மேலும் கட்டியவர்கள் ஏராளம். வீட்டில் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்கச் சொல்லுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தால்தான் வங்கிக் கணக்கை முடக்கிப் பணத்தைப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

தரகருக்கு இதில் ஏன் இடமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவருக்கான இடத்தை நில உரிமையாளர் தேர்ந்தெடுப்பதில்லை. சேவை நிறுவனத்தின் வலையமைப்புப் பொறியாளர்கள், எங்கே சிக்னல் குறைகிறது, அங்கே எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, வரைபடத்தில் ஒரு சிறு வட்டம் போடுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் இடம் தேடுவதுதான் டவர் நிறுவனத்தின் வேலை. உங்கள் தோப்பு வட்டத்துக்கு வெளியே இருந்தால் யார் சிபாரிசு செய்தாலும் டவர் வராது. உள்ளே இருந்தால் அவர்களே தேடி வருவார்கள். கிராமத்துக்கு 5ஜி டவர் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. 5ஜி சேவைக்குப் பரவலாகப் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதிக தூரம் போகாது, சுவரையும் எளிதில் ஊடுருவாது. உங்கள் பெற்றோர் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுவதற்கு உதவுபவை 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ் அலைவரிசைகளே.

இன்னொரு வலை, சிக்னலைக் கூட்டித் தருவதாக விற்கப்படும் சிக்னல் பூஸ்டர். இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கருவியை அனுமதியின்றி வைப்பது சட்டவிரோதம். அதோடு, அது எழுப்பும் இரைச்சல் டவரையே குழப்பிச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் சேவையைக் கெடுத்துவிடும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

பெற்றோருக்கு உடனே ஒரு வழி செய்யலாம். ஊருக்குள் கண்ணாடி இழை இணையம் கிடைத்தால் வீட்டில் வைஃபை வைத்து, செல்பேசியில் வைஃபை காலிங் வசதியை (டவர் சிக்னலுக்குப் பதிலாக இணையம் வழியாகப் பேசும் வசதி) இயக்கிவிடுங்கள். பெரும்பாலான புதிய செல்பேசிகளில் இந்த வசதி இருக்கிறது. அழைப்பு அதே எண்ணிலிருந்துதான் போகும். மின்சாரம் போனால் இணையமும் போகும் என்பதால், ரவுட்டரைத் தொடர்ந்து இயங்க வைக்கும் ஒரு சிறு யுபிஎஸ் கருவியும் வேண்டும். அதற்கு முன்னால், வேறு நிறுவனங்களின் சிம்களை உறவினர்களிடம் வாங்கி, வீட்டுக்குள் ஒவ்வோர் அறையிலும் போட்டுப் பாருங்கள். நிறுவனங்கள் வெளியிடும் சேவை வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் பச்சையாகத் தெரியும் இடத்திலும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே சிக்னல் இல்லாமல் போகலாம்.

இனி டவர் விஷயம். தனி ஒருவரின் மனுவால் நிறுவனங்கள் அசைவது அரிது. சேவை நிறுவனத்தின் புகார் மையமான 198 என்ற எண்ணுக்கு அழைத்தால் புகார் எண் கிடைக்கும். இரண்டு நாள் கழித்து, யாரும் வந்து பார்க்காமலேயே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். மக்களின் பொறுமையை இப்படிச் சோதிக்கும் முறை இத்தனை ஆண்டுகளாகியும் மாறாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆனாலும் புகார் எண்களைச் சேர்த்து வையுங்கள். 20 வீடுகளின் புகார் எண்கள் ஒரே தாளில் இருந்தால் அது சான்றாகிவிடும். அதனுடன் கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்து, சேவை நிறுவனத்தின் தமிழ்நாட்டு அலுவலகத்துக்கும், சென்னையில் உள்ள தொலைத்தொடர்புத் துறை அலுவலகத்துக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். சேவையே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுவர மத்திய அரசு 2022இல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் மொட்டை மாடியில் சிக்னல் வரும் ஊர், கணக்கில் சேவை உள்ள ஊராகிவிடுகிறது. வீட்டுக்குள் மயங்கி விழும் முதியவர் மாடிக்கு ஏறியா ஆம்புலன்ஸை அழைப்பார்? இந்தக் கேள்வியைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

டவரின் தோற்றத்தைப் பற்றிய பெரியவர்களின் தயக்கம் நியாயமானது. அதையும் அதே தீர்மானத்தில், இடம் தேர்வாவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அடித்தளம் போட்டபிறகு யாரும் வடிவத்தை மாற்ற மாட்டார்கள். நான்கு கால் இரும்புச் சட்டத்துக்குப் பதிலாக ஒற்றைக் கம்ப டவரைக் கேட்கலாம். அதற்கு இடமும் குறைவு, தூரத்திலிருந்து பார்த்தால் பனை மரங்களுக்கு நடுவே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தோப்புக்குள் முழுவதுமாக மறைந்துவிட வேண்டும் என்று கேட்காதீர்கள். ஈரமுள்ள இலைகள் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும், எனவே ஆன்டெனா மரங்களின் தலைக்கு மேலே நின்றாக வேண்டும். ஒற்றைக் கம்பம் தாங்கும் எடை குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் ஆன்டெனாக்களோடு அது நிரம்பிவிட்டால், அடுத்த நிறுவனம் பக்கத்திலேயே இன்னொரு கம்பம் நடும். இரண்டு நிறுவனங்களாவது பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு வலுவான கம்பமாக இருக்கட்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. டீசல் ஜெனரேட்டரின் சத்தம் வீடுகளுக்குக் கேட்காத இடமாகவும் பாருங்கள்.

உங்கள் ஊரில் பழைய கோயில் இருப்பதால் ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் துறையின் நீலப் பலகை இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். 2010இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை, முன் அனுமதி பெற்ற பிறகே கட்ட முடியும். இந்தத் தூரத்தைக் கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ அளக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். அந்த எல்லை மதில் சுவரோடு முடியாமல், வெளியே உள்ள காலி நிலத்தையும் உள்ளடக்கியிருக்கலாம். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்கி, சர்வே எண்ணை வைத்தே அளந்து பாருங்கள். அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் மட்டும் உள்ள கோயிலுக்கு இந்த 100 மீட்டர் தடை கிடையாது. ஆனால் கோயில் நிலத்தையே டவருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அத்துறையின் அனுமதியின்றி அறங்காவலர்களோ ஊர்க்காரர்களோ அதற்குக் கையெழுத்திட முடியாது.

கதிர்வீச்சு பற்றிய அச்சமும் கிராம சபையில் எழும். சர்வதேச வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்குதான் இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உச்சவரம்பு. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் பக்கத்து டவர்களின் விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், 4,000 ரூபாய் கட்டினால் நேரில் வந்து அளந்தும் காட்டுவார்கள்.

நிறுவனம் உண்மையிலேயே உங்கள் தோப்பைத் தேடி வந்தால், ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். இத்தகைய குத்தகைகள் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகளுக்கானவை. நிறுவனம் நினைத்தபோது விலகலாம், உரிமையாளர் விலக முடியாது என்ற வரி பலவற்றில் இருக்கும். வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை எவ்வளவு உயரும், வேறொரு நிறுவனம் அதே கம்பத்தைப் பயன்படுத்தினால் உங்களுக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும், டவரை அகற்றும்போது கான்கிரீட் அடித்தளத்தைத் தோண்டி எடுத்து நிலத்தைச் சமப்படுத்தும் செலவு யாருடையது என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். பதிவில்லாத வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து கேட்டால், அந்தத் தாளின் நகலோடு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கு நேரில் போய், வந்தவர் அவர்களுடைய ஆள்தானா என்று விசாரித்துவிடுங்கள்.