ஃப்ளூ காய்ச்சலுக்கு மிச்சமிருக்கும் அசித்ரோமைசினைச் சாப்பிடலாமா?

கேள்வி: சுவாச வைரஸ்களுக்கான புதிய மருந்துகளைப் பாக்டீரியாக்களில் தேடுகிறார்கள் என்று படித்தேன். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் மூலமும் பாக்டீரியாதானே? வீட்டில் சில மாத்திரைகள் மிச்சம் இருக்கின்றன. ஃப்ளூ வந்தால் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்த செய்தி சரி; அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

பாக்டீரியாக்களையும் வைரஸ்கள் விடுவதில்லை. ஃபேஜ் என்னும் வைரஸ்கள் அவற்றுக்குள் புகுந்து பெருகிக் கொல்கின்றன. அவற்றைத் தடுக்கப் பாக்டீரியாக்கள் உருவாக்கும் பொருள்களைத்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் டானோரூபிசின் என்ற பொருள் ஃபேஜ்களைத் தடுப்பதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது நம் செல்களையும் கொல்லும். இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்து அது. சளிக்கோ ஃப்ளூவுக்கோ அதைத் தர முடியாது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது பாக்டீரியாக்களில் உள்ள வைப்பரின் என்ற நொதி. வைரஸ் தன் மரபுப்பொருளைப் பிரதியெடுக்கும்போது, இந்த நொதி தயாரித்த போலி மூலக்கூறு உள்ளே சேர்ந்தால் பிரதியெடுப்பு பாதியில் நின்றுவிடும். மனிதச் செல்களிலும் வைப்பரின் உண்டு. நம் உடலுக்குப் பழக்கமான வழி என்பதால், இதைப் பின்பற்றும் மருந்துக்கு வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன்.

சோதனைக்குழாயில் கிடைக்கும் வெற்றி நோயாளிக்கு அப்படியே வந்து சேர்வதில்லை. ஸ்ட்ரெப்டோமைசஸ் தந்த பொருளிலிருந்து உருவான ஐவர்மெக்டின், 2020இல் ஆய்வகச் செல்களில் கொரோனா வைரஸை அடக்கியது. அதற்குத் தேவைப்பட்ட செறிவோ, வழக்கமான அளவில் மருந்து உண்பவரின் இரத்தத்தில் எட்ட முடியாதது. பெரிய மருத்துவ ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. அசித்ரோமைசினும் அப்படியே: பிரிட்டனின் ரிகவரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த 7,000க்கும் அதிகமான கோவிட் நோயாளிகளிடம் சோதித்தும் அது இறப்பைக் குறைக்கவில்லை. அந்த மருந்து தாக்குவது பாக்டீரியாவின் ரைபோசோமை, அதாவது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் அமைப்பை. வைரஸுக்கு ரைபோசோமே கிடையாது.

ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தில் பாக்டீரியாவின் பங்கு வேறு வகையானது. அதன் மூலப்பொருளான ஷிகிமிக் அமிலத்தை முதலில் அன்னாசிப்பூவிலிருந்து எடுத்தார்கள். பிறகு மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டும் தயாரித்தார்கள்.

முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் ஃப்ளூ அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்ப்பது நல்லது; ஓசல்டாமிவிர் அப்போதுதான் நன்கு பயன்படும். மூச்சுத் திணறல் வந்தால் யாராக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் தணிந்து மீண்டும் ஏறினால், பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம். அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும்.