உயிர்மீன் தொட்டி: தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்

இரையையும் பிடித்ததையும் உயிரோடு வைத்திருக்க, கடல்நீர் மாறிக்கொண்டே இருக்கும்படி படகில் வைக்கும் தொட்டிதான் உயிர்மீன் தொட்டி. உயிர் இரை வைத்துத் தூண்டில் போடுகிறவர்களும், சிங்கி இறாலை உயிரோடு கரை சேர்க்கிறவர்களும் அதைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஏறக்குறைய எல்லாரும் பம்பைத்தான் குறை சொல்கிறீர்கள். நான் பிரித்துப் பார்த்த படகுகளில் பெரும்பாலும் பம்பு நன்றாகவே இருந்தது. பழுது குழாயில் இருந்தது.

படகு நிற்கும்போது தொட்டிக்குத் தண்ணீர் கொட்டுகிறது. வேகம் எடுத்ததும் நின்றுவிடுகிறது. பம்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டு பம்பு மாற்றிவிட்டேன். – பைபர் படகு உரிமையாளர், தருவைகுளம்

மூன்றாவது பம்பு வாங்காதீர்கள். உங்கள் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. தொட்டிகளுக்கு நாம் வைக்கும் சிறிய 12 வோல்ட் பம்புகள் தண்ணீரைச் சுழற்றித் தள்ளுபவை. காற்றை இழுக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. உள்ளே ஒரு குமிழி தங்கினால் போதும், இறக்கை வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே பம்பு எப்போதும் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கிருந்து தொட்டி வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும்; நடுவில் ஏறி இறங்கக் கூடாது.

ஒரு படகில் ஹோஸைப் பலகைக்கு மேலாக வளைத்து, மறுபடி தாழ்த்திக் கொண்டுபோயிருந்தார்கள். வளைவின் உச்சியில் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸைப் பம்பின் வாயிலிருந்து ஒரு விரற்கடை விலக்கியதும் ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம். பிறகு தண்ணீர் பீறிட்டது. நீங்களும் படகை நிறுத்தி, பம்பு ஓடாதபோது இதைச் செய்து பாருங்கள். ஆனால் வளைவை எடுக்காவிட்டால் மறுநாளும் இதே கதைதான்.

அடுத்து, அடித்தட்டில் தண்ணீர் இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேகமெடுக்கும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, தூக்கிக்கொள்ளும். முன்பக்கம் உள்ள வாய் அந்தரத்தில் நிற்கும். வாய் பின்பக்கம், அடித்தட்டின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு அருகில் இருக்கட்டும். வாயின் மேல் பொருத்தும் மூடியின் திறப்பு முன்னோக்கி இருக்க வேண்டும். பின்னோக்கித் திருப்பி வைத்தால், ஓடும் படகு தொட்டித் தண்ணீரையே உறிஞ்சி வெளியே எடுத்துவிடும்.

தொட்டி நிரம்பித் தளமெல்லாம் தண்ணீர். சாளை வெளியே துள்ளி விழுகிறது. – பாம்பன்

உள்ளே வரும் தண்ணீரைப் பம்பு தள்ளுகிறது. வெளியே போகும் தண்ணீர் தன் எடையால் மட்டுமே போகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுக் குழாய் வைத்தால் போகும் வழி தோற்றுவிடும். வருவது முக்கால் அங்குலம் என்றால் போவது ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு வழி வைத்தால் இன்னும் நல்லது. செத்த சாளை ஒன்று வாயில் ஒட்டிக்கொண்டாலே அடைத்துவிடும். அதனால் தட்டையான சல்லடை வேண்டாம். துளையிட்ட நீளக் குழாயை நிமிர்த்தி வையுங்கள்.

லட்சத்தீவின் மினிக்காயில் சூரைப் படகுகளின் இரைத் தொட்டிக்கு அடியில் துளை மட்டும் போட்டிருப்பார்களாமே? நானும் போடலாமா? – கன்னியாகுமரி மாவட்டம்

உண்மைதான். மரபான படகுகளில் நடுவில் உள்ள தொட்டியின் அடியில் துளைகள் இருக்கும். கடல்நீர் தானே உள்ளே வந்து மாறிக்கொண்டிருக்கும், வேண்டாதபோது அடைப்பான் போடுவார்கள். அந்தத் தொட்டியில் தண்ணீர் வெளியே உள்ள கடல்மட்டத்தில்தான் நிற்கும். அதனால் சுவர்கள் அந்த மட்டத்துக்கு வெகு மேலே வரை ஒழுகாமல் எழும்ப வேண்டும். படகு கட்டும்போதே திட்டமிட்டால் அருமையான ஏற்பாடு. கட்டி முடித்த பைபர் படகில் துளை போடாதீர்கள்.

இரவு நங்கூரமிட்டு நின்றோம். காலையில் படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். எங்கே தேடுவது? – தூத்துக்குடி

தொட்டிக்குப் போகும் ஹோஸ் பம்பிலிருந்து கழன்றிருக்கும், அல்லது வெடித்திருக்கும். இதை நான் மிகவும் அஞ்சுகிறேன். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே ஓர் அங்குலத் துளை இருந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். மணிக்கு 1,900 லிட்டர் என்று அட்டையில் போட்டு விற்கும் சிறிய இறைப்புப் பம்பால் அதை ஈடுகட்ட முடியாது.

அடித்தட்டு வாய்க்கு உடனே மேலே, கை எட்டும் இடத்தில் ஒரு கடல்நீர் வால்வு வையுங்கள். தொட்டி ஓடாத நேரமெல்லாம் அது மூடியிருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கும் பித்தளை வால்வு உப்பில் உளுத்துவிடும். வெண்கலத்திலோ படகுக்கென்றே வரும் நைலானிலோ வாங்குங்கள். ஹோஸ் முனை ஒவ்வொன்றுக்கும் துருப்பிடிக்காத எஃகு கிளாம்பு இரண்டு. மாதம் ஒருமுறை வால்வைத் திறந்து மூடிப் பழக்குங்கள். இல்லையென்றால் தேவைப்படும் நேரத்தில் திரும்பாது.

பேட்டரி இறங்கி என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. – நாகப்பட்டினம்

3 ஆம்பியர் இழுக்கும் பம்பு 8 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி தின்றுவிடும். தொட்டிக்குத் தனி பேட்டரி வையுங்கள். ப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கடலில் உயிரோடு இருந்த சிங்கி இறால் துறைமுகம் வந்ததும் சோர்ந்து சாகிறது. பம்பு நிற்கவேயில்லை. – வாசகர், குளச்சல்

பம்பு நிற்காததுதான் காரணம். துறைமுகத்து டீசல் படலத்தையும் கழிவையும் அது உள்ளே இழுக்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டி வந்தால் ஆற்றுத் தண்ணீரையும் இழுக்கும். உப்பு குறைந்தால் சிங்கி தாங்காது. கரையை நெருங்குவதற்கு முன்பே, தெளிந்த கடலில் கடல்நீர் வால்வை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரையே சுற்றிவிடுங்கள். அதற்கு, பம்பு தண்ணீர் எடுக்கும் வழியைக் கடலிலிருந்து தொட்டிக்கு மாற்றிவிடும் ஒரு மூவழி வால்வு போதும். சுற்றி வரும் தண்ணீரைத் துளையிட்ட குழாய் வழியாக மேலிருந்து பொழியச் செய்யுங்கள். விழும்போது காற்றையும் கூட்டிக்கொண்டு போகும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீர் கொள்ளும் ஆக்சிஜன் சுமார் 6 மில்லிகிராம்தான்; 20 டிகிரியில் 7-க்கு மேல். எனவே மூடிய பாட்டிலில் உறையவைத்த பனிக்கட்டியை மிதக்கவிடுங்கள். பனிக்கட்டியை நேரடியாகப் போட்டால் நன்னீர் கலந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டை சுமந்த சிங்கியும், 200 கிராம் எட்டாத கல் சிங்கியும் தொட்டிக்குள் வரவே கூடாது. அந்த எடைக்குக் கீழே ஏற்றுமதிக்கும் எடுக்க மாட்டார்கள். பிடித்த இடத்திலேயே, உயிரோடு இருக்கும்போதே, கையால் மெல்ல நீரில் இறக்கிவிடுங்கள்.