அடுத்த பத்து ஆண்டுகளில் இணையம் எந்தத் திசையில் வளரும்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவை வைத்தே விடை சொல்கிறார்கள். மொரீஷியசில் வாழும் எனக்கோ வேறொன்றுதான் முதலில் கண்ணில் படுகிறது. இணையம் மேலும் மேலும் நாட்டு எல்லைகளுக்குள் அடங்கும் என்றும், ஒருவருக்கு எவ்வளவு இணையம் கிடைக்கும் என்பதை அவர் இருக்கும் மண்ணே முடிவு செய்யும் என்றும் நான் கணிக்கிறேன்.

2024 நவம்பர் 10 அன்று இங்கே பொதுத்தேர்தல். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, அரசியல்வாதிகள் முதலானோரின் தொலைபேசி உரையாடல்கள் என்று சொல்லப்பட்ட ஒலிப்பதிவுகள் சமூக ஊடகங்களில் கசியத் தொடங்கியிருந்தன. தீபாவளிக்கு மறுநாள், தேர்தல் முடியும் வரை சமூக ஊடகங்களை முடக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு ஆணை போனது. அப்போது கந்த சஷ்டி விரதம் தொடங்கும் நேரம். எங்கள் கோவில் நிகழ்ச்சி நிரல் முழுவதும் ஃபேஸ்புக் பக்கத்தில்தான் இருந்தது. என் அக்கா மகன் வீட்டிலிருந்த எல்லாக் கைப்பேசிகளிலும், நாம் வேறொரு நாட்டில் இருப்பதுபோல் காட்டித் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலியை ஏற்றிவிட்டான். அதன் பிறகு அத்தையின் கைப்பேசிக்கு டச்சு மொழியில் விளம்பரங்கள் வந்தன. அவர் நெதர்லாந்தில் இருப்பதாக அது நம்பியது போலும். எதிர்ப்பு வலுக்கவே மறுநாளே தடை நீங்கியது. ஆனாலும், நெடுங்காலமாக நிலையான மக்களாட்சி என்று பெயர் எடுத்த நாட்டிலேயே ஓர் ஆணையால் இது முடிந்தது என்பதால், பிற நாடுகளில் இது வழக்கமாகிவிடும் என்று எண்ணுவதற்கு இடமிருக்கிறது.

இன்னொரு கடிவாளம், நாடுகளை இணையத்தால் இணைக்கும் கேபிள்களாகக் கடலுக்கடியில் கிடக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் செல்லும் சேஃப் கேபிள் 2002இல் வந்தது; 2021இல் மெட்டிஸ் என்ற இன்னொரு கேபிள் வந்தபின் எங்களுக்கு மாற்றுவழி கூடியது. 2024 மே மாதம் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையோரம் ஈசி, சீகாம் என்ற இரு கேபிள்களும் ஒரே நாளில் அறுந்தபோது கென்யாவும் தான்சானியாவும் பட்ட பாடு, மாற்றுவழியின் அருமையைக் காட்டியது. இப்போது இத்தகைய கேபிள்கள் பெருநிறுவனங்களின் கைக்குப் போகின்றன. ஆப்பிரிக்க மேற்குக் கரையோரம் செல்லும் ஈக்குவியானோ கேபிளைக் கூகுள் போட்டது. சுமார் 45,000 கிலோமீட்டர் நீளமுள்ள டூஆப்பிரிக்கா கேபிள் திட்டத்தில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முன்னிற்கிறது. முன்பு தொலைபேசி நிறுவனங்கள் கூட்டாகச் செய்த வேலை இது. செயற்கை நுண்ணறிவின் கணினிகள் பெரும்பாலும் தொலைவிலுள்ள நாடுகளில் இருப்பதால், கேபிள் யார் கையில் என்ற கேள்வி இனி இன்னும் கனக்கும்.

எல்லைக்கும் இணையத்துக்கும் உள்ள உறவுக்கு எங்கள் பக்கத்திலேயே விசித்திரமான சான்று ஒன்று உண்டு. புதுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் விரும்பி வாங்கும் 'டாட் ஐஓ' (.io) என்று முடியும் இணைய முகவரி, உண்மையில் பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் ஆட்புலத்துக்கு, அதாவது சாகோஸ் தீவுகளுக்கு உரியது. அத்தீவுகளின் இறையாண்மையை மொரீஷியசுக்கு அளிக்கும் ஒப்பந்தம் 2025 மே 22இல் கையெழுத்தானது. ஆட்புலம் மறைந்தால் அதன் ஈரெழுத்துக் குறியீடும் பன்னாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்படலாம். அப்போது முகவரிக்கும் ஆபத்து. யுகோஸ்லாவியாவின் 'டாட் ஒய்யு' 2010இல் மறைந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பிறகும் 'டாட் எஸ்யு' பல்லாண்டு நீடித்தது. பணம் புரளும் 'டாட் ஐஓ' இரண்டாவதன் வழியில்தான் போகும் என்பது என் கணிப்பு. அந்த வருமானத்தில் சாகோஸ் மக்களுக்குப் பங்கு உண்டா என்பதில்தான் வழக்கு நீளும்.