‘கேட்டமரான்’ நம் கட்டுமரமா? கேள்வியும் பதிலும்

நாகர்கோவில் வாசகர்: ‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் உண்மையிலேயே நம் கட்டுமரம்தானா?

ஆம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடியின் பயண நூல் 1697இல் வெளிவந்தது. சோழமண்டலக் கரையில் வழங்கும் பெயர் என்றே அதில் எழுதியிருக்கிறார். இப்படி எழுத்தில் சான்று இருந்தால்தான் பேச்சு.

தக்கலை வாசகர்: ‘ரைஸ்’ அரிசியிலிருந்து வந்ததுதானே?

கிரேக்கம், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்கு முன்னால் எங்கிருந்தது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஒலி ஒத்துவந்தால் மட்டும் உறவாகிவிடாது.

குளச்சல் வாசகர்: ஆங்கிலேயரின் கேட்டமரானுக்கு இரண்டு உடல்கள் இருக்கின்றன. நம் மரம் அப்படி இல்லையே?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நம் மரம் தடிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. குழிவான உடலே கிடையாது. மேலே ஏறும் தண்ணீர் இடுக்குகள் வழியாக வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைக் காயவைப்பார்கள். ஊறிய தடி கனக்கும். இரட்டை உடல் படகு பசிபிக் தீவினரின் கைவேலை. ஆங்கிலேயர் எதற்கும் இந்தப் பெயரை ஒட்டினார்கள். 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்கும் இதே பெயர்தான்! பிறகு 1876இல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டைப் படகு நியூயார்க் போட்டியில் ஓடியது. இன்று உலகம் கேட்டமரான் என்பது அந்த வகையைத்தான்.

முட்டம் வாசகர்: எங்கள் பாட்டன் காலத்தில் இரண்டு மரங்கள் சேர்ந்தே போகும். ஆக, இரட்டைப் படகும் நம் கண்டுபிடிப்பே!

நீங்கள் சொல்வது மடிவலைத் தொழில் ஐயா. இரண்டு மரங்கள் தனித்தனியே நின்று நடுவில் வலையை இழுக்கும். இரண்டையும் சட்டம் போட்டு ஒரே படகாக்குவது வேறு.

முட்டம் வாசகர், மீண்டும்: பெயர் நம்முடையது என்றால் பொருளும் நம்முடையதுதானே?

இல்லை. பெயர் மட்டும் போயிருக்கிறது. மரம் கட்டத் தெரிந்தவருக்கு இன்னொருவர் படகைச் சொந்தம் கொண்டாட வேண்டிய தேவை என்ன?

கருங்கல் வாசகர்: ‘கேஷ்’ என்பது காசுதானே?

இரண்டு ‘கேஷ்’ உண்டு. கீழைநாட்டுச் சில்லறை நாணயத்தின் பெயர் காசிலிருந்து போனது. கடையில் நீட்டும் ரொக்கம், பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லின் வழிவந்தது.

மார்த்தாண்டம் வாசகர்: ‘ரைஸ்’ பற்றி...

தக்கலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேங்காய்ப்பட்டணம் வாசகர்: ‘காயர்’?

தென்னை நாரைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல் மலையாளக் ‘கயர்’. 1956 வரை மலையாளம் பேசும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த குமரி மாவட்டத்தார் நாம், பங்கு கேட்கலாம்.