பாதி வேலையில் நிற்கும் பழைய சொகுசுக் கார்: விற்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சங்கதிதான். ஆசையாக ஒரு பழைய காரை வாங்குகிறார்கள், ஷெட்டில் விடுகிறார்கள், பாதி வேலையில் கையில் காசு தீர்ந்துவிடுகிறது. இப்போது விற்க வேண்டும்.

என்னிடம் ஒரு பழைய பென்ஸ் இருக்கிறது. என்ன விலை போகும்? (பெயரும் ஊரும் எழுதவில்லை)

எந்த மாடல், எந்த ஆண்டு, பெட்ரோலா டீசலா, ஆர்.சி. யார் பெயரில்? இதையெல்லாம் எழுதாமல் கேட்டால் ஜோசியரைத்தான் பார்க்க வேண்டும்.

1983 மாடல் பென்ஸ் டபிள்யூ 123, 300டி. இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் முடிந்துவிட்டது. பாடியும் சீட்டும் பாக்கி. எல்லாம் முடித்து விற்றால் போட்ட பணம் திரும்புமா? (திருச்சி)

திரும்பாது. உலகம் முழுக்க 27 லட்சம் போல விற்ற மாடல் அது. நம் ஊரில் குறைவுதான், ஆனால் கிடைக்காத வண்டி இல்லை. அந்த ஐந்து சிலிண்டர் டீசல் இன்ஜின் எப்படியும் ஓடும் என்பது வாங்க வருகிறவருக்கும் தெரியும். அவர் பயப்படுவது துருவுக்கு. நீங்கள் செலவழித்தது ஆயுள் கெட்டியான பகுதியில், காசைக் கரைக்கிற பகுதி இனிமேல்தான் இருக்கிறது. ஆகவே இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுங்கள்.

விலையை உங்கள் பில்களைக் கூட்டிப் போடாதீர்கள். நல்ல நிலையில் முழுதாக ஓடும் அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். மீதி வேலைக்கு ஒரு ஷெட்டில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி அதைக் கழியுங்கள். வாங்குபவர் படப்போகும் அலைச்சலுக்கு இன்னும் கொஞ்சம் கழித்தால் நியாயமான விலை வந்துவிடும்.

போட்டோ எடுக்கும்போது முன்பக்க ஸ்டாரை மட்டும் எடுக்காமல் ஜாக்கி பாயின்ட், ஸ்டெப்னி குழி, பேட்டரிக்குக் கீழே, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், இவற்றை எடுத்து அனுப்புங்கள். அப்புறம், சாவியைத் திருப்பியும் இன்ஜின் நிற்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த டீசலை அணைப்பது வாக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவிசை), அதனால் அது பெரும்பாலும் வாக்குவம் லீக். கதவுப் பூட்டுகளும் அதே வாக்குவத்தில்தான் வேலை செய்கின்றன. சின்னச் செலவு, சரிசெய்துவிடுங்கள். பார்க்க வந்தவர் முன்னால் பானெட்டைத் திறந்து வண்டியை அணைத்தால் அந்த இடத்திலேயே ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்பார்.

1971 மாடல் பென்ஸ் 220டி. 50 வயது தாண்டிவிட்டதால் வி.ஏ. நம்பர் (விண்டேஜ் வண்டிகளுக்கான தனிப் பதிவு எண்) எடுத்தால் விலை கூடுமா? (ஈரோடு)

கூடலாம், குறையவும் குறையலாம். 2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த நம்பர் வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, எரிபொருள் போட, பழுது பார்க்க என்று எடுக்கலாம், அவ்வளவுதான். கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று வாங்க வருகிறவர் வி.ஏ. என்றதும் கிளம்பிவிடுவார். சேகரிப்பவருக்கு அதுவே பெருமை. யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று: சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த விதிக்குள் வண்டி வராது. கூரையை வெட்டி சன்ரூஃப் வைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன கேள்வி?

ஜாகுவார் மார்க் 2, டிங்கரிங் முடிந்து கிரே பிரைமரில் நிற்கிறது. ஒரு கோட் பெயின்ட் அடித்து பாலிஷ் போட்டு விற்றால் இரண்டு லட்சம் கூடக் கிடைக்கும் என்கிறார் புரோக்கர். செய்யலாமா? (சேலம்)

செய்யாதீர்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த மாதமே யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

மார்க் 2 என்பது 1959 முதல் 1967 வரை வந்த மோனோகோக் வண்டி. தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில், பின் ஸ்பிரிங் உட்காரும் இடம், முன் கிராஸ் மெம்பர், இவை அரித்துப் போயிருந்தால் வண்டிக்கு முதுகெலும்பே இல்லை. விஷயம் தெரிந்தவர் இந்த இடங்களை இரும்பாகப் பார்க்கத்தான் காத்திருப்பார். அதை அவர் கண்ணெதிரே காட்டும் வாய்ப்பு உங்களுக்கு இப்போது இருக்கிறது. அதன் மேல் பெயின்டை அடித்து மூடிவிட்டு, ‘உள்ளே எல்லாம் நல்லா இருக்கு சார்’ என்றால் யார் நம்புவார்கள்? விற்கும் முன் அடித்த புதுப் பெயின்ட் என்றால் அடியில் பட்டி (துருப்பிடித்த இடத்தை நிரவும் பூச்சு) என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். கையில் காந்தத்தோடு வருவார்கள். இப்போது பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரும் சிலரிடம் இருக்கிறது. கம்பெனிப் பெயின்ட் நூறு, நூற்றைம்பது மைக்ரான் காட்டும். பட்டி போட்ட இடத்தில் ஆயிரத்துக்கு எகிறும்.

சரி, விவரம் தெரியாத ஒருவர் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவசரப் பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. ரப்பர் பீடிங்கைக் கழற்றாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்த விளிம்புகளில் உரியும், சில்லில் கொப்புளம் கிளம்பும். அவர் உங்களுக்குத்தான் போன் போடுவார், புரோக்கருக்கு அல்ல. புரோக்கருக்கு விற்ற அன்றே கமிஷன் வந்துவிடும். அதனால்தான் அவருக்கு பெயின்ட் மேல் அவ்வளவு பாசம். வாங்கியவர் நல்ல ஷெட்டுக்குப் போனால் உங்கள் பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அதாவது, நீங்கள் காசு கொடுத்து அவருக்குச் செலவு வைத்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது வேறு. சாதாரண கிரே பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். வெறும் பிரைமரில் வண்டியை வாசலில் நிறுத்தினால் உள்ளே துரு பிடிக்கும், வெளியே தெரியாது. எபாக்ஸி பிரைமர் ஒரு கோட் கொடுத்துக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். டிங்கரிங் நடந்தபோது எடுத்த போட்டோக்களைத் தேதி வாரியாக அடுக்கிவையுங்கள். அந்த இரண்டு லட்சம் அதிலிருந்துதான் வரும். பிரைமர் அடிக்கும்போது சேசிஸ் நம்பர் பிளேட்டையும் பஞ்ச் எண்ணையும் மூடிவிடாதீர்கள். எண்ணைப் படிக்க முடியாத வண்டிக்குப் பெயர் மாற்ற அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1964 செவ்ரோலே இம்பாலாவில் தாத்தா காலத்திலேயே பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் மாற்றிவிட்டார்கள். ‘ஒரிஜினல்’ என்று விளம்பரம் செய்யலாமா? (மதுரை)

கூடாது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து அன்று பலர் செய்ததுதான். சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் இன்ஜின் தயாரித்ததால் ஸ்பேருக்கும் கவலை இல்லாமல் இருந்தது. இன்று சேகரிப்பவர் அதற்காக ஒரு ரூபாய் கூடத் தர மாட்டார். ஆர்.சி.யில் டீசல் என்று மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வி8 பெட்ரோல் இன்ஜின் கொட்டகையில் இறுகிப்போய்க் கிடந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அதன் எண் பழைய ஆர்.சி.யோடு ஒத்துப்போனால் வண்டியில் விலை உயர்ந்த சாமானே அதுதான்.

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ. மெக்கானிக் சாதாரண பிரேக் ஆயில் ஊற்றி டாப்-அப் செய்துவிட்டார். வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா? (சென்னை)

கட்டாயம். ஷேடோவின் பிரேக்கும் பின்பக்க மட்டம் காக்கும் ஹைட்ராலிக்கும் பிரெஞ்சு கார் கம்பெனி சிட்ரோயனிடம் உரிமம் வாங்கிச் செய்தவை. அதற்கென்றே ஆர்ஆர்363 என்ற திரவம் உண்டு. சாதாரண பிரேக் ஆயிலான டாட் 4-இல் அந்த பம்புகளுக்குத் தேவையான வழுவழுப்பு இல்லை. ஷேடோவுக்கு அடுத்து 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டில் மினரல் ஆயில். அதை இதில் ஊற்றினால் சீல்கள் வீங்கிக் கெடும். முழுக்க வடித்துச் சரியானதை நிரப்பும் வரை டெஸ்ட் டிரைவும் கொடுக்காதீர்கள். இது விலைப் பிரச்சினை இல்லை, பிரேக் பிரச்சினை.

ஆர்.சி. இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. நேரே வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியுமா? (தஞ்சாவூர்)

முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். படிவம் 31, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். அக்கா தங்கைகளிடம் கேட்காமல் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. இன்னும் என் பெயர்தான் காட்டுகிறது. எனக்கு என்ன ஆகும்? (வேலூர்)

நாளை அந்த வண்டி யார் மேலாவது இடித்தால் இழப்பீட்டுக்கு உங்களைத்தான் தேடுவார்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பெயர் மாறாமல் சாவி கொடுக்காதீர்கள் என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

பதிவு காலாவதியாகிவிட்டது. அப்படியே விற்கலாமா? (புதுக்கோட்டை)

விற்கலாம், ஆனால் வாங்குபவர் அதை விலையில் கழிப்பார். 2025-இல் வந்த மாற்றப்படி 20 ஆண்டு தாண்டிய இறக்குமதிக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 80,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 தனி.

பாதிப் பணத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வரி ஏதாவது வருமா? (கோவை)

2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கு அபராதம், அதுவும் வாங்கிய உங்களுக்கு. சொந்த உபயோகக் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் ‘சொந்த உபயோகம்’ என்பதைக் காட்ட வேண்டும். 1931 ஃபோர்டு ஒன்றை விற்ற மும்பைக்காரர் அதைக் காட்ட முடியாமல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் பில்களைக் கிழித்துப் போடாதீர்கள். பெரிய தொகை என்றால் ஆடிட்டரைப் பாருங்கள்.

கழற்றிய குரோம், பெக்கர் ரேடியோ, கைப்பிடிகள் நான்கு பெட்டியில் இருக்கின்றன. தனியாக விற்றால் லாபமா? (காரைக்குடி)

உங்களுக்கு லாபம், வண்டிக்கு நஷ்டம். ரேடியோ இல்லாத பென்ஸை யாரும் முழு விலைக்குக் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றையும் பையில் போட்டுப் பெயர் எழுதி வண்டியோடு கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஆர்.சி. பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள்.