கோல்டு ஃபாயில் ஏன் கறுத்தது? ரெசின் ஏன் காயவில்லை?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் போடுகிறேன். '22 காரட்' என்று சொல்லித் தமிழ்நாட்டிலிருந்து கூரியரில் அனுப்பிய கோல்டு ஃபாயில், எட்டு மாதத்தில் ஓரங்களில் கறுத்து, கல்லைச் சுற்றிப் பச்சை படிந்துவிட்டது. "உங்க ஊர் ஈரக்காற்றுதான் காரணம்" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: இல்லை. 22 காரட் தங்கம் பெங்களூரு மழைக்குப் பச்சை பூக்காது. பச்சை என்றாலே செம்பு. தங்க நிறத்தில் வரும் மலிவு ஃபாயில்களில் ஒரு வகை செம்பும் துத்தநாகமும் கலந்தது. இன்னொரு வகை அலுமினியத்தின் மேல் மஞ்சள் பூச்சு. உங்களுக்கு வந்தது முதல் வகை என்றே தெரிகிறது.

மிச்சத் தாள் இருந்தால் நகக்கண் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். வினிகரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, பஞ்சில் நனைத்து, ஒரு துண்டை அதன் மேல் வைத்து மூடிய டப்பாவில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் பச்சையோ பழுப்போ தெரிந்தால் செம்புக் கலவை. இன்னொரு துண்டை அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரால் துடையுங்கள். மஞ்சள் பஞ்சில் வந்து தாள் வெள்ளையானால் அது பூச்சு. இனி எங்கே வாங்கினாலும் ஒரே ஒரு தாள் வாங்கி இந்த இரண்டையும் பார்த்த பிறகு மொத்தமாக எடுங்கள்.

கறுத்த இடத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அடியிலுள்ள மக்கு (சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு) இளகிவிடும். உலர்ந்த கத்தி முனையால் ஃபாயிலை மட்டும் சுரண்டி எடுத்து, பெயர்ந்த இடத்தில் மக்கு வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுத் தாளை ஒட்டுங்கள்.

இனி பணம். வாயால் 'ஒரிஜினல்' என்று சொல்வதும் பில்லில் '22 காரட்' என்று எழுதித் தருவதும் ஒன்றல்ல. பில்லிலோ வாட்ஸப்பிலோ அந்த எண் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவே சாட்சி. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ரெசினில் கோஸ்டர் செய்தேன். மூன்று நாளாகியும் மேலே பிசுபிசு. ரெசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் 2:1 சரியாகத்தான் அளந்தேன். விற்றவரோ "ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டுங்க" என்கிறார்.

பதில்: கூட்டவே கூட்டாதீர்கள். எபாக்ஸியில் இரண்டும் கணக்காகச் சேர்ந்தால்தான் இறுகும். மிஞ்சிய ஹார்டனர் சேராமல் அப்படியே பிசினாக நிற்கும்.

எப்படி அளந்தீர்கள் என்பதுதான் விஷயம். பாட்டிலில் 2:1 என்றிருப்பது கனஅளவா, எடையா? ரெசின் கனம், ஹார்டனர் லேசு. கனஅளவுக்குச் சொன்ன விகிதத்தைத் தராசில் வைத்தால் ஹார்டனர் பத்து சதவீதத்துக்கு மேலேயே கூடிவிடலாம். அடுத்தது தராசு. கிச்சன் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். 20 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்டனர் என்றால் ஒரு கிராம் பிசகே பத்து சதவீதம். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள். இந்த வேலையில் முதல் செலவு அதுதான், கிளிட்டர் அல்ல.

கலக்கும்போது மெதுவாக மூன்று முதல் ஐந்து நிமிடம், கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறு கப்புக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். கோஸ்டரில் திட்டுத் திட்டாகப் பிசுபிசுப்பு இருந்தால் ஓரத்தில் ஒட்டியிருந்த கலக்காத ரெசின் என்று அர்த்தம்.

டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் ரெசின் காய்வது இழுத்துக்கொண்டே போகும். மூடிய பாட்டில்களைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவிட்டு அளந்துகொள்ளுங்கள். ஒரு துளித் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையில் நைட்ரைல் கிளவுஸ்.

செய்த கோஸ்டரில் லேசான ஒட்டல் என்றால், மேலே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சரியாக அளந்த மெல்லிய ஒரு பூச்சு ஊற்றலாம். விரல் அமுங்குகிற அளவு மெத்தென்றிருந்தால் காப்பாற்ற முடியாது. விகிதம் கனஅளவுக்கா எடைக்கா என்று எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியத்துக்காகப் பிளைவுட்டில் துணி ஒட்டி, மக்கு பூசிய பலகை வளைந்துவிட்டது. "கட் பீஸ், நோ ரிட்டர்ன்" என்று பில்லிலேயே இருக்கிறது.

பதில்: 6 எம்எம் பலகையில் ஒரு பக்கம் மட்டும் ஈரப்பசை பூசினால் வளையத்தான் செய்யும்; காயும்போது துணி சுருங்கி முன்பக்கம் இழுக்கும். 18 அங்குலத்துக்கு மேல் போனால் 12 எம்எம். துணி ஒட்டுவதற்கு முன்பே பின்பக்கம் இரண்டு கோட் மர பிரைமர். ஐஎஸ் (இந்தியத் தர எண்) 303 முத்திரை பொதுப் பயன்பாட்டு பிளைவுட். ஐஎஸ் 710 தண்ணீர் தாங்கும் மரைன் ரகம். மைசூரு ரோடு டிம்பர் யார்டு பக்கம் கட் பீஸ் வாங்கினாலும், முழுப் பலகையில் முத்திரையைப் பார்த்த பிறகு அறுக்கச் சொல்லுங்கள். வளைந்ததற்கு இப்போதே பின்னால் இரண்டு ரீப்பர் திருகி விடுங்கள். வண்ணம் பூசிய பின் சிரமம்.

இந்த வளைவுக்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 710 என்று எழுதி வேறு எதையோ கொடுத்திருந்தால், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள் கேளுங்கள். 'நோ ரிட்டர்ன்' என்ற அச்சு அதற்குத் தடையில்லை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கிராஃப்ட் கிட்டில் படத்தில் இருந்த பாதி சாமான் இல்லை.

பதில்: படத்தையும் தயாரிப்புப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.